மணல்மேட்டை மரம் நிறுத்துமா? ஜெய்சல்மேர் ரோடும் பாலாற்றங்கரைக் கழனியும்

ஐயா, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை ஒருமுறை சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். உங்கள் மகன் பட்டாளத்தில் இருக்கிறார், இப்போது ஜெய்சல்மேர் பக்கம். ராத்திரி காற்றடித்தால் காலையில் ரோடு இருந்த இடம் தெரியவில்லை, ஜேசிபி வைத்துத் தள்ளினாலும் இரண்டு நாளில் மறுபடி மூடிக்கொள்கிறது என்று போனில் சொல்லியிருக்கிறார். மரம் நட்டால் நகரும் மணல்மேடு நிற்கும் என்கிறார்களே, தண்ணீரே இல்லாத இடத்தில் மரம் எப்படிப் பிழைக்கும், பிழைத்தாலும் எப்படி மணலை நிறுத்தும் என்பது உங்கள் முதல் கேள்வி. காட்பாடிப் பக்கக் கரையில் பாலாற்றை ஒட்டியிருக்கும் உங்கள் கழனியிலும் ஆடிக்காற்றில் ஆற்று மணல் பறந்து வந்து மல்லாட்டைச் செடியை மூடுகிறது, அங்கே செய்வதை இங்கேயும் செய்யலாமா என்பது இரண்டாவது.

நான் ஆற்காட்டுக்காரன். மேற்கு ராஜஸ்தானில் மணல்மேடுகளில் காடு வளர்க்கும் வேலையில் 14 வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: ஓடுகிற மணலை மரம் நிறுத்தாது. அதை நிறுத்துவது காய்ந்த முள்ளும் செத்தையும். நிறுத்திய மணலைப் பல வருடம் பிடித்து வைத்திருப்பதுதான் புல்லும் மரமும் செய்கிற வேலை. இந்த வரிசையை மாற்றிச் செய்த இடமெல்லாம் கன்று போனது, கூலி போனது, மணல் மட்டும் போகவில்லை.

ஏன் என்று புரிய, மணல் எப்படி நகர்கிறது என்று பார்க்க வேண்டும். புழுதி வேறு, மணல் வேறு. புழுதி வானத்துக்கு ஏறிப் பல நூறு மைல் போகும். மணல் அப்படிப் பறப்பதில்லை, அது துள்ளுகிறது. காற்று மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டினால் காய்ந்த மணல் கிளம்பத் தொடங்கும். ஒரு மணல்மணி எழும்பி, கொஞ்ச தூரம் காற்றோடு போய், சாய்வாக வந்து விழும். விழுகிற வேகத்தில் இன்னும் இரண்டு மூன்று மணிகளைத் தட்டி எழுப்பிவிடும். அவையும் துள்ளும். நகரும் மணலில் முக்கால் பங்கு இப்படித் துள்ளித் துள்ளிப் போவதுதான். மீதி, அடிபட்டுத் தரையோடு உருண்டு போகும் பெருமணல்.

மே மாதம் மத்தியானம் அந்த மேட்டின் மேல் நின்றால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முழங்காலுக்குக் கீழே தரை முழுவதும் மஞ்சள் புகை ஓடுவது போல இருக்கும். இடுப்புக்கு மேலே காற்று தெளிவாக இருக்கும், எதிரில் நிற்பவர் முகம் நன்றாகத் தெரியும், ஆனால் அவருக்குப் பாதம் இருக்காது. கெண்டைக்காலில் ஊசி குத்துவது போலக் குத்தும். மணல் பெரும்பாலும் ஓர் அடி உயரத்துக்குள்தான் ஓடுகிறது. அதனால் 20 அடி மரத்தை எழுப்பி அதைத் தடுக்க வேண்டியதில்லை. முழங்கால் உயரத்துக்குத் தடுத்தாலே பெரும்பகுதி நின்றுவிடும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1930-களில் லிபியப் பாலைவனத்தில் கார் ஓட்டித் திரிந்த ரால்ஃப் பேக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் கண்டுபிடித்தது. காற்றின் வேகம் கூடினால் அது நகர்த்தும் மணல் அதே அளவில் கூடாது, அந்த வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் மணல் எட்டு மடங்கு. இதை நமக்குச் சாதகமாகத் திருப்பிப் போடுங்கள். தரையோரக் காற்றின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் போதும், மணல் ஓட்டம் பாதியாகிவிடும். காற்றை நிறுத்த யாராலும் முடியாது, கொஞ்சம் குறைக்க ஒரு கட்டு முள்ளால் முடியும். இந்த வேலை முழுக்க நிற்பது இந்தக் கணக்கின் மேல்தான்.

மேடு நகர்வதும் இப்படித்தான். காற்று வரும் பக்கம் சாய்வு மெதுவாக ஏறும். மணல் அதில் துள்ளி ஏறி உச்சிக்குப் போய், மறுபக்கம் காற்று படாத சரிவில் கொட்டும். அந்தச் சரிவு 32, 34 டிகிரிக்கு மேல் செங்குத்தாக நிற்காது, சரிந்துவிடும். முன்னால் சுரண்டிப் பின்னால் கொட்டிக்கொண்டே மொத்த மேடும் தவழ்கிறது. பிறை வடிவச் சின்ன மேடுகள்தான் வேகமாக ஓடுபவை. பெரிய மேடுகள் மெதுவாக நகரும். வருடத்துக்குச் சில மீட்டரிலிருந்து சில பத்து மீட்டர் வரை வித்தியாசப்படும். தார் பாலைவனத்தில் இருக்கும் பழைய பெரிய மேடுகளில் பல, காற்று வரும் பக்கம் இரண்டு கையையும் நீட்டிய வடிவத்தில் இருக்கும். அந்தக் கைகள் செடி கொடி பிடித்து நிறுத்திய பகுதிகள். நடுப்பகுதி மட்டும் காற்றோடு முன்னே போயிருக்கும். செடி மணலைப் பிடிக்கும் என்பதற்கு அந்த மேட்டின் உருவமே சாட்சி.

இப்போது வேலைக்கு வருகிறேன். 1952-ல் ஜோத்பூரில் பாலைவனக் காடு வளர்ப்பு நிலையம் ஒன்று தொடங்கினார்கள். 1959-ல் அதுவே மத்திய வறள்நில ஆராய்ச்சி நிலையமாக ஆனது, அங்கே எல்லோரும் காஸ்ரி என்பார்கள். இந்தியாவில் மணல்மேடு நிறுத்தும் முறை பெரும்பாலும் அங்கே உருவானதுதான்.

முதல் வேலை, ஆடு மாடு ஒட்டகத்தை உள்ளே விடாமல் அடைப்பது. இதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தும் பிரயோஜனமில்லை. சில மேடுகளில் அடைப்புப் போட்டு இரண்டு மழை விட்டாலே புல் தானாக வந்துவிடும். நாங்கள் நடாமலே நின்ற மேடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, காற்றுத்தடுப்பு. அங்கே கிடைக்கும் புதர்தான் இதற்குச் சாமான். கீம்ப் என்று இலையே இல்லாத விளக்குமாறு போன்ற ஒரு புதர், நம் கிலுகிலுப்பைக்கு உறவான சீனியா, இலந்தை இனத்தில் குட்டையான பாலா. இவற்றை வெட்டி, காற்று வரும் திசைக்குக் குறுக்கே வரிசையாக மணலில் ஊன்றுவார்கள். வரிசைக்கு வரிசை 2 முதல் 5 மீட்டர். காற்று பல திசையிலிருந்து அடிக்கும் இடமென்றால் சதுரங்கக் கட்டம் போலக் குறுக்கும் நெடுக்கும். நான் வேலைக்குப் போன புதிதில், நாம் வேலி நடுவது போல அடிக்கட்டை கீழே, கிளை மேலே என்று ஊன்றினேன். பக்கத்தில் வேலை செய்த உள்ளூர்ப் பெரியவர் ஒன்றும் சொல்லாமல் அதைப் பிடுங்கித் தலைகீழாகத் திருப்பி ஊன்றினார். கிளை பரந்த பக்கம் மணலுக்குள், தண்டு மேலே. மணலில் தண்டு மட்டும் இறங்கினால் காற்றில் ஆடி ஆடிக் கழன்றுவிடும். கிளை உள்ளே போனால் நங்கூரம் மாதிரி பிடித்துக்கொள்ளும். நிலையத்து முறையும் அதுதான் என்று அப்புறம்தான் தெரிந்தது.

தடுப்பு அடர்த்தியாகச் சுவர் மாதிரி இருக்கக் கூடாது. சுவர் வைத்தால் காற்று அதன் மேல் ஏறி மறுபக்கம் சுழன்று விழுந்து, அங்கே பள்ளம் பறிக்கும். பாதி அடைப்பு, பாதி சந்து. காற்று சல்லடையில் வடிகிற மாதிரி வடிந்து போக வேண்டும், மணலைக் கீழே போட்டுவிட்டு. தென்னங்கீற்றுத் தட்டி கட்டியவர்களுக்கு இந்த அளவு கைக்கே தெரியும்.

சீனாவில் இதையே வைக்கோலில் செய்தார்கள். பாவ்தோ–லான்ஜோ ரயில் பாதை டெங்கர் பாலைவனத்தின் ஓரமாக ஷாபோதோ என்ற இடத்தில் மணல்மேடுகளுக்கு நடுவில் போகிறது. 1958-ல் ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளத்தை மணல் மூடாமலிருக்க, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டமாக வைக்கோலைப் பரப்பி, நடுவில் மண்வெட்டியால் அழுத்தி மணலுக்குள் இறக்கினார்கள். மேலே நிற்பது ஒரு சாணுக்கும் குறைவான வைக்கோல்தான். அந்த ஒரு சாண் போதுமானதாக இருந்தது. வைக்கோல் நாலைந்து வருடத்தில் மக்கிவிடும். அதற்குள் நடுவில் நட்ட குத்துச்செடிகள் பிடித்துக்கொண்டன. பிறகு மணலின் மேல் பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து மெல்லிய தோல் மாதிரி ஓர் ஏடு படிந்தது. மழைக்குப் பிறகு அந்த ஏடு மணலைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறது. வருடத்துக்கு 180 மில்லிமீட்டர் அளவே மழை பெய்யும் இடத்தில் இதைச் செய்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

சரி, தடுப்பு போட்டாயிற்று. தண்ணீர்?

இந்த இடத்தில்தான் நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கமே தேவையில்லை. பாலாற்றில் ஆட்டமாடிய பிள்ளைகளுக்கு இது தெரியும். சித்திரை வெயிலில் ஆற்று மணலில் கால் வைக்க முடியாது, ஆனால் முழங்கை ஆழம் தோண்டினால் விரல் நுனியில் குளிர்ச்சி தட்டும், இன்னும் தோண்டினால் ஊற்று வரும். இப்போது ஊற்று வெகு ஆழம் போய்விட்டது, அது வேறு வருத்தம். ஜெய்சல்மேர் மேட்டில் ஊற்று வராது. ஆனால் ஈரம் இருக்கும். நான் முதல்முறை ஜூன் மாதம் ஒரு மேட்டின் மேல் கையால் தோண்டிப் பார்த்தபோது, மேலே கொதிக்கும் மணல் சரசரவென்று குழிக்குள் வழிந்துகொண்டே இருந்தது. முழங்கைக்கு மேல் போனதும் குழியின் ஓரம் வழியாமல் நின்றது. ஈரமில்லாமல் மணல் அப்படி நிற்காது. எடுத்து உள்ளங்கையில் அழுத்தினால் உருண்டை பிடிக்க வந்தது. போன வருடத்து மழை அது.

காரணம் எளிது. மணலில் விழும் மழை ஓடாது, தேங்காது, நேரே கீழே இறங்கிவிடும். மேல் மணல் காய்ந்ததும் அந்தக் காய்ந்த அடுக்கே போர்வை ஆகிவிடுகிறது. மணலின் நடுவே உள்ள சந்துகள் பெரியவை, களிமண் போலக் கீழிருந்து தண்ணீரை உறிஞ்சி மேலே தூக்காது. அதனால் உள்ளே போன ஈரம் உள்ளேயே தங்குகிறது. அதே மழை களிமண் தரையில் பெய்தால் மேலேயே நின்று ஆவியாகிவிடும். பாலைவனத்தில் செடிக்கு மணல்மேடு எதிரி அல்ல, அதுதான் தண்ணீர்த்தொட்டி. மேல் அடுக்கு நகராமல் நின்றால் போதும்.

அதனால் கன்றுக்கு நாம் செய்ய வேண்டியது, அதன் வேரை அந்த ஈரத்தில் கொண்டுபோய் வைப்பது. ஜூலையில் முதல் நல்ல மழை பெய்து, மேலிருந்து இறங்கும் ஈரமும் கீழே இருக்கும் ஈரமும் ஒன்று சேர்ந்ததும் நடவு. குழி இரண்டு அடி. கன்று ஆறு முதல் ஒன்பது மாதம் நாற்றங்காலில் வளர்ந்திருக்க வேண்டும். பையின் அடியில் வேர் சுருண்டிருந்தால் அந்தக் கன்றைத் தூக்கிப் போட வேண்டும், சுருண்ட வேர் கீழே போகாமல் சுற்றிக்கொண்டே இருந்து மூன்றாம் வருடம் செத்துப்போகும். தடுப்பு வரிசைக்குக் காற்று மறைவில், 5 மீட்டர் இடைவெளி விட்டு நட வேண்டும். நெருக்கி நடக் கூடாது. தொட்டியில் இருக்கும் தண்ணீர் இவ்வளவுதான். முதல் நாலு வருடம் நெருக்கமான நடவு அழகாகப் பச்சையாகத் தெரியும், போட்டோவுக்கு நன்றாக இருக்கும். ஈரம் தீர்ந்ததும் ஒவ்வொன்றாகக் காயும். ஷாபோதோவிலும் வருடங்கள் போகப் போக ஆழத்து ஈரம் குறைந்து குத்துச்செடிகள் மெலிந்துபோனது பதிவாகியிருக்கிறது.

நாங்களே ஒரு முறை தப்புச் செய்தோம். ஒரு வருடம் மழை முந்திக்கொண்டது, கன்று தயார், தடுப்புக்கான புதர் வந்து சேரவில்லை. மழை போய்விடுமே என்று 400 கன்றை அப்படியே நட்டுவிட்டோம். தடுப்பை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று மேலே இருந்தவர் சொன்னார், எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. புரட்டாசி வரை பிரமாதமாக இருந்தது. அடுத்த ஏப்ரலில் காற்று ஆரம்பித்தது. மே கடைசியில் போய்ப் பார்த்தால், காற்று வரும் சரிவில் இருந்த கன்றுகளுக்குக் கணுக்கால் உயரத்தில் ஒரு பக்கம் மட்டும் பட்டை உரிந்து வெள்ளையாக எலும்பு போலத் தெரிந்தது, உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி. இன்னும் மேலே, சுற்றியிருந்த மணல் போய்விட்டதால் வேர்கள் வெளியே வந்து, சிலந்தி கால் ஊன்றி நிற்பது போலக் கன்றுகள் வேரின் மேல் நின்றன. மறுபக்கச் சரிவில் நட்டதெல்லாம் எங்கே என்றே தெரியவில்லை. 40 கூட மிஞ்சவில்லை. அதற்கு அடுத்த வருடம் அதே மேட்டில் முதலில் கீம்ப் ஊன்றினோம். இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அந்த மேடுதான் காரணம்.

எந்த மரம் என்ற கேள்விக்கு எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட அபிப்பிராயம் உண்டு. 1950-களின் கடைசியில் இஸ்ரேலிலிருந்து ஒரு வேல மரத்தைக் கொண்டுவந்தார்கள், இஸ்ரேலி பபூல் என்பார்கள். மணல்மேட்டில் அது போல வேகமாக எழும்பியது வேறொன்றுமில்லை, ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் அதைத்தான் நட்டார்கள். மணலை நிறுத்தியது, விறகும் கொடுத்தது. ஆனால் அதனடியில் புல் சரியாக வருவதில்லை. அதைவிட மோசம் நம் சீமைக்கருவேலம், நம் பக்கத்தில் வேலிகாத்தான் என்போமே, அதுவும் அங்கே உண்டு. 1940-ல் ஜோத்பூர் சமஸ்தானம் அதற்கு ராஜ மரம் என்ற அந்தஸ்தே கொடுத்தது. இன்று அங்கே அதை வெட்டி மாளவில்லை, பாலாற்றுப் படுகை இருக்கும் கதியைப் பார்த்தால் நமக்கும் புரியும்.

என் மனசுக்குப் பிடித்த மரம் கேஜ்ரி. பெயர் புதிதாகத் தோன்றும், ஆனால் அது நம் வன்னி மரமேதான். விருத்தாசலம் கோயிலில் தலவிருட்சமாக நிற்கிறதே, அதே மரம். ராஜஸ்தான் விவசாயி அதைக் கழனி நடுவிலேயே விட்டுவைத்துக் கம்பு விதைப்பார். வேர் ஆழம் போய்விடுவதால் பயிரோடு போட்டியில்லை, இலை ஆட்டுக்கு, காய் சமையலுக்கு. 1730-ல் ஜோத்பூர் ராஜாவின் ஆட்கள் கேஜ்ரி வெட்ட வந்தபோது, அம்ருதா தேவியும் அவரைத் தொடர்ந்து பிஷ்னோய் மக்களும் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்று 363 பேர் உயிர்விட்ட ஊர் கேஜர்லி. நிதானமாக வளரும் மரம் என்பதுதான் அதன் குறை, திட்டக் கணக்குக்கு ஒத்துவராது. பத்து வருடம் பொறுக்கத் தயாரென்றால் அதைவிட நல்லதில்லை.

ஜெய்சல்மேருக்கு மேற்கே போகப் போக மரத்தை விடப் புல்தான் வழி. சேவண் என்று ஒரு புல், வருடத்துக்கு 200 மில்லிமீட்டர் மழை கூட இல்லாத இடத்தில் பல வருடம் நிற்கும், வேர் மணலை வலை போலப் பின்னிக்கொள்ளும். நம் கொழுக்கட்டைப் புல்லும் கொஞ்சம் மழை கூடுதலான பகுதிகளில் அங்கே விதைக்கிறார்கள். நம் பக்கம் ஆற்றோரம் படரும் ஆற்றுத்தும்மட்டி அங்கே மேட்டின் மேல் தானாகப் படர்ந்து மணலை மூடும். பச்சையாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சேவண் புல்வெளியில் மரம் நடுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கானமயில் என்ற பறவை மிச்சமிருக்கும் கடைசி இடங்கள் அந்தத் திறந்த புல்வெளிகள்தான். எல்லா மேட்டையும் நிறுத்த வேண்டும் என்பதும் இல்லை. ஊர், ரோடு, கால்வாய், கழனி இவற்றை நோக்கி வருவதை நிறுத்தினால் போதும். பல மேடுகள் ஆயிரக்கணக்கான வருடமாக நின்றவை. ஃபோக் புதரை விறகுக்காக வேரோடு பிடுங்கியதாலும், டிராக்டர் ஏறியதாலும், அளவுக்கு மீறி மேய்த்ததாலும்தான் மறுபடி கிளம்பின.

இந்திரா காந்தி கால்வாய்க் கரையில் அடர்ந்த காட்டைப் பார்த்துவிட்டு உங்கள் மகன் இதை ஒப்புக்கொள்ளாமல் போகலாம். அது கால்வாய்த் தண்ணீர் கிடைத்த காடு, மழையை மட்டும் நம்பிய காடல்ல. அந்தக் கால்வாயை மணல் தூர்க்காமல் காத்தது அந்த மரங்கள்தான் என்பதும் உண்மை. அங்கே மரம் நட்டவர்களில் பட்டாளத்துக்காரர்களும் உண்டு. பிராந்திய ராணுவத்தின் 128-வது சூழலியல் பட்டாலியன் 1983-ல் ராஜஸ்தானுக்காக உருவாக்கப்பட்டது, ஓய்வுபெற்ற சிப்பாய்களை வைத்து. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்தில் இருக்கும் ஊர்கள் உள்ள நம் பக்கத்தில் இதைச் சொன்னால் சந்தோஷப்படுவார்கள்.

மகனின் ரோட்டுக்கு ஒன்று சொல்லுங்கள். ஜேசிபி தள்ளும் மணலைக் காற்று வரும் பக்கமே குவித்தால் அது திரும்ப வரத்தான் செய்யும், மறுபக்கம் தள்ளச் சொல்லுங்கள். தட்டி அடைப்பு வைப்பதானால் ரோட்டை ஒட்டி வைக்கக் கூடாது. தட்டிக்குப் பின்னால் அதன் உயரத்தைப் போலப் பத்துப் பதினைந்து மடங்கு தூரம் வரை மணல் படியும், அது ரோட்டின் மேலேயே விழும். நாலு அடித் தட்டி என்றால் ரோட்டிலிருந்து 60 அடிக்கு மேல் தள்ளி, காற்று வரும் பக்கம். மணல் ஏறித் தட்டி மூடினால் அதைப் பிடுங்கி மேலே ஊன்ற வேண்டும். ஒரு தடவை வைத்துவிட்டு மறந்துபோகும் வேலை இல்லை.

இனி உங்கள் கழனி.

நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று நம்மூரைச் சொல்வார்கள். ஆனால் இது பாலைவனம் இல்லை. ஜெய்சல்மேரில் பெய்வதைப் போல ஐந்து மடங்கு மழை நமக்குப் பெய்கிறது. உங்களுக்கு நகரும் மேடும் கிடையாது. வருடத்தில் பெரும்பாலான நாள் பாலாறு காய்ந்து கிடப்பதால் படுகை மணல் ஆடி மாதத் தென்மேற்குக் காற்றில் கிளம்பி வடகரையில் ஏறுகிறது. வேலூர்ப் பக்கத்துத் தென்கரையில் இந்தத் தொந்தரவு குறைவாக இருப்பதற்கும் அதுதான் காரணம். துள்ளும் விதமும் மும்மடிக் கணக்கும் எல்லா ஊருக்கும் ஒன்றுதான், அதனால் தட்டி முதலில், செடி பிறகு என்பது இங்கேயும் பொருந்தும். காலமும் மரமும்தான் மாறும்.

அங்கே கடும் காற்று மே, ஜூனில் அடித்து, ஜூலையில் மழை வந்ததும் தணியும். அதனால் ஆடியில் நடவு. நமக்கு ஆடிதான் காற்று. நீங்கள் ஐப்பசி மழையில் நட வேண்டும். அப்படி நட்டால் அடுத்த ஆடிக்கு முன் கன்றுக்கு எட்டு ஒன்பது மாதம் கிடைக்கும்.

ஆற்றுக்குள் எதையும் நடாதீர்கள். அது புறம்போக்கு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், பாலாறு செத்துவிட்டது என்று நினைத்திருந்தவர்களுக்கு 2021 நவம்பரில் அது யார் என்று காட்டியது. வாணியம்பாடியை அடித்துப்போன 1903 வெள்ளத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். படுகையில் நிற்கும் மரம் வெள்ளத்தைத் திருப்பி உங்கள் கரையைத்தான் அறுக்கும். உங்கள் பட்டா எல்லைக்குள், ஆற்றுப் பக்க ஓரத்தில் ஒரு 15 அடி அகலம் இதற்கென்று விட்டுவிடுங்கள். நிலம் போகிறதே என்று தோன்றும், மணல் மூடி வருடா வருடம் போகிற நிலம் அதைவிட அதிகம்.

அந்தப் பட்டையில் ஆற்றை ஒட்டிய முதல் வரிசை நொச்சி. கொம்பை வெட்டி ஊன்றினாலே வரும், ஆடு தொடாது, அடியிலிருந்தே கிளைக்கும். நமக்கு வேண்டிய அந்த முழங்கால் உயரத்தை அடைப்பது அதுதான். நடு நடுவே வெட்டிவேர் அல்லது நாணல் வைத்தால் மணலை இன்னும் பிடிக்கும். இரண்டாவது வரிசை பனை. மூன்றாவது புங்கன், பத்தடிக்கு ஒன்று. சவுக்கைப் பலரும் சொல்வார்கள். ஆற்று மணலில் நன்றாக வரும், தப்பில்லை. ஆனால் அடியில் கிளை உதிர்ந்து கீழே திறந்துபோகும், மணல் அந்தக் கீழ் வழியில்தான் வருகிறது. மூன்று நாலு வருடத்தில் விலை வந்ததும் மொத்தமாக வெட்டிவிடுவோம், அடுத்த ஆடியில் பழையபடி ஆகிவிடும். வைப்பதானால் நொச்சிக்குப் பின்னால் இரண்டு வரிசை வைத்து, ஒரு வரிசையை வெட்டினால் அது எழும்பிய பிறகு மற்றதை வெட்டுங்கள். வேலிகாத்தானை மட்டும் கொண்டுவராதீர்கள், அதுவாக வந்தால் சின்னதிலேயே வேரோடு எடுத்துவிடுங்கள்.

இந்த வருடம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆவணி புரட்டாசியில் பனம்பழம் விழும். கொட்டையைப் பொறுக்கி வந்து, நாற்று விடாமல் நேரே அந்த இரண்டாம் வரிசையில் ஒரு சாண் ஆழத்தில் ஆறடிக்கு ஒன்றாகப் புதையுங்கள். தை மாதம் கிழங்குக்கு ஆசைப்பட்டுப் பிள்ளைகள் தோண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் நொச்சிக் கொம்பும் புங்கங்கன்றும். பங்குனி கடைசியில், நொச்சிக்கும் ஆற்றுக்கும் நடுவில், மூன்றடி உயரத்துக்குத் தென்னங்கீற்றுத் தட்டி ஒரு வரிசை, அந்தப் பக்கம் இருப்பவர் சட்டை நிறம் தெரிகிற அளவுக்குச் சந்து விட்டு. முதல் ஆடியில் தட்டியின் அடியில் மணல் சேர்ந்து சின்ன வரப்பு மாதிரி எழும்பும். அதைக் கலைக்காதீர்கள். அந்த வரப்பின் மேலேயே அடுத்த ஐப்பசியில் நாணல் கரணையை ஊன்றிவிடுங்கள்.